புதிய காரா, பழைய காரா, பெரியப்பச்சி வீட்டுக் காரா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பு பள்ளத்தூர், வேலை காரைக்குடியில். நாள்தோறும் போய்வர இருபது கிலோமீட்டர். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை அம்மாவை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். சென்னைக்கு எப்போதும் பல்லவன் ரயில்தான். கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்கு 7,000 கிலோமீட்டர்தான் வரும் என்கிறீர்கள். கையில் எட்டரை லட்சம் சேமிப்பு இருக்கிறது. ஷோரூமில் 7 லட்சம் விலையுள்ள புதிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். அதே மாடலில் நான்கு வயதுக் கார் ஒன்று மதுரை வியாபாரியிடம் 4.60 லட்சத்திற்கு இருக்கிறது. மூன்றாவதாக, சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் பெரியப்பச்சி (பெரியப்பா) கானாடுகாத்தான் வீட்டில் விட்டுவைத்திருக்கும் கார். 2019 கடைசியில் பதிவானது, இதுவரை ஓடியது 14,000 கிலோமீட்டர்தான், 4 லட்சத்திற்குத் தருகிறார்கள். நீண்ட காலத்தில் எது மலிவு என்பது கேள்வி.

உங்கள் ஓட்டத்திற்குப் பழைய கார்தான் சரி. ஆனால் குறைவாக ஓடியது என்ற ஒரே காரணத்திற்காகப் பெரியப்பச்சி வீட்டுக் காரை முதலிடத்தில் வைத்திருக்கிறீர்களே, அதை அந்த விலைக்கு நான் ஏற்க மாட்டேன். காப்பீட்டு நிறுவனங்களுக்காக வாகனச் சேதம் மதிப்பிடுவது என் தொழில். செட்டிநாட்டில் நின்றே பாழான கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கார் வாங்குகிறவர்கள் பொதுவாக மைலேஜைக் கேட்பார்கள், சர்வீஸ் செலவைக் கேட்பார்கள். இரண்டும் கார் ஓடுவதால் வரும் செலவுகள். நம் பக்கத்துக் குடும்பக் கார்கள் ஓடுவது குறைவு. ஆகவே நமக்குப் பெரிய செலவு கார் நிற்பதால் வருகிறது. ஒன்று, ஆண்டுதோறும் குறையும் அதன் மதிப்பு. மற்றொன்று, அதில் முடங்கிய பணத்திற்கு வந்திருக்க வேண்டிய வட்டி. முதலுக்கு வட்டி எழுதாமல் ஐந்தொகைக் கணக்குப் போடுவதை நம் பாட்டன்மார்கள் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்கள். கார் என்று வந்தவுடன் பேரன்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

எட்டு ஆண்டு வைத்திருப்பதாகக் கணக்குப் போடுவோம். விற்கும் விலையும் பழுதுச் செலவும் என் அனுபவத்தில் எடுத்துக்கொண்ட தோராயங்கள். உங்கள் மாடலுக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

புதிய காரின் ஷோரூம் விலை 7 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி உயர்த்தப்பட்டது. 5 லட்சத்திற்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், அதாவது 91,000 ரூபாய். காப்பீடும் பதிவுச் செலவும் சேர்ந்தால் வீட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 8.30 லட்சம் ஆகியிருக்கும். எட்டு ஆண்டு கழித்து 2.80 லட்சத்திற்கு விற்கலாம் என்று வைப்போம். மதிப்பில் போனது 5.50 லட்சம், ஆண்டுக்கு 68,750 ரூபாய். முடங்கிய பணத்தின் சராசரி 5.55 லட்சம். அதற்கு 7 சதவீத வட்டி 38,850. காப்பீடு சராசரியாக 14,000, பராமரிப்பு 10,000. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 43,750. மொத்தம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,75,000 ரூபாய். கிலோமீட்டருக்கு 25 ரூபாய்.

மதுரைக் கார் 4.60 லட்சம். வாங்கியவுடன் டயர், பேட்டரி, எண்ணெய்கள், பிரேக், பெயர் மாற்றம் என்று 45,000 ஒதுக்குங்கள். ஆக 5.05 லட்சம். எட்டு ஆண்டில் அதற்குப் பன்னிரண்டு வயதாகும், 1.30 லட்சத்திற்குப் போகும் என்று வைப்போம். மதிப்புக் குறைவு ஆண்டுக்கு 46,875. வட்டி 22,225. காப்பீடு 9,000. பராமரிப்பைப் புதிய காரைப்போல் இரு மடங்காக, 20,000 என்றே போடுகிறேன். மைலேஜும் 15 என்று குறைத்துப் போட்டால் பெட்ரோல் 46,670. மொத்தம் ஏறக்குறைய 1,45,000. கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 70 காசு.

பழுதுச் செலவை இரட்டிப்பாக்கிய பிறகும் ஆண்டுக்கு 30,000 ரூபாய் மிச்சம். எட்டு ஆண்டில் ஏறக்குறைய இரண்டரை லட்சம். முடிவைத் தீர்மானித்தவை முதல் இரண்டு இனங்கள், மதிப்புக் குறைவும் வட்டியும்தான். பெட்ரோலிலும் பராமரிப்பிலும் பழைய காருக்குக் கூடுதலாகும் 13,000 ரூபாய் அவற்றின் முன்னால் நிற்கவில்லை.

இதே இரண்டு கார்களையும் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவரிடம் கொடுத்தால் கணக்கு மாறிவிடும். தேவகோட்டையிலிருந்து திருச்சிக்கு வாரம் இருமுறை போகும் வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பெட்ரோலே ஒன்றேகால் லட்சத்திற்குக் குறையாது. பழைய காரின் பழுதுச் செலவு 45,000 வரை ஏறும், விற்கும் விலையும் இறங்கும். அதே முறையில் போட்டுப் பார்த்தால் புதிய காருக்கு 2.76 லட்சம், பழையதற்கு 2.62 லட்சம். வித்தியாசம் 14,000. நடுவழியில் ஒருமுறை கிளட்ச் போனால் அந்த மிச்சம் கரைந்துவிடும். அவர் புதியதை வாங்கட்டும், பன்னிரண்டு பதினைந்து ஆண்டு வைத்திருக்கட்டும். உறவினர் புதுக் கார் வாங்கினார், நண்பர் பழைய கார் வாங்கினார் என்ற ஒப்பீடுகள் பயன்படாமல் போவது இதனால்தான். அவர்கள் எவ்வளவு ஓட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாதவர் கணக்கு இன்னும் வேறு. அவருக்குக் கிலோமீட்டருக்கு ஆகும் தொகையைப் போட்டுப் பார்த்து, பக்கத்தில் வாடகைக் காரின் கட்டணத்தையும் ஓட்டுநர் பேட்டாவையும் எழுதிப் பார்த்தால் சொந்தக் கார் வாங்கும் ஆசை சற்றுத் தணியும். நான் சொன்னால் வீட்டுக்கொரு கார் நிற்க வேண்டாமா என்று கோபித்துக்கொள்கிறார்கள். நிற்கட்டும், அது அந்தஸ்துச் செலவு. போக்குவரத்துச் செலவில் எழுதாமல் இருந்தால் சரி.

மதுரைக் காரின் விலையைப் பற்றி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் கூடுதல் தீர்வையும் இருந்தன. புதிய விலை இறங்கினால் பழையதும் இறங்கியாக வேண்டும். விற்பவர் மனத்திலோ 2021இல் கொடுத்த விலைதான் இருக்கும். நீங்கள் இன்றைய ஆன்ரோடு விலையிலிருந்து கீழே இறங்கி வந்து பேசுங்கள். என் கணக்குப்படி மதுரைக் கார் 5.50 லட்சத்தைத் தொட்டால் மிச்சம் ஆண்டுக்கு 16,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். முன்பின் தெரியாத ஒரு காரை ஏற்கும் துணிச்சலுக்கு அது போதாத கூலி, புதியதையே எடுத்துவிடலாம். வியாபாரி ஜி.எஸ்.டி. என்று தனியாக ஒரு தொகை கேட்டால், பழைய காருக்கு அந்த 18 சதவீதம் அவருடைய லாபத்தின்மீது மட்டுமே வருகிறது, காரின் முழு விலைமீது வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். தனியாள் தனியாளுக்கு விற்றால் அதுவும் கிடையாது.

கையில் பணம் இருப்பதால் உங்களுக்குக் கடன் தேவையில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பழைய காரின் லாபத்தை அதிகமாகத் தின்பது கடன்தான். புதிய காருக்கு வங்கி 9 சதவீதத்தில் கொடுக்கும் காலத்தில் பழைய காருக்கு 14 கேட்பார்கள். 4 லட்சம், ஐந்து ஆண்டு என்றால் முதலாவதில் வட்டி 98,000, இரண்டாவதில் 1,58,000. அறுபதாயிரம் கூடுதல். இதைவிட மோசம், "வெறும் 9 சதவீதம், ஃபிளாட் வட்டி" என்று சொல்லிக் கொடுக்கும் ஃபைனான்ஸ். கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் கடைசி மாதம்வரை முழு 4 லட்சத்திற்கும் வட்டி. ஐந்து ஆண்டில் 1,80,000 ஆகும். குறையும் அசலுக்கான வட்டியாக மாற்றிப் பார்த்தால் அந்த ஒன்பது ஏறக்குறைய பதினாறு. வட்டித் தொழிலால் பர்மாவரை போன ஊரில் பிறந்தவர்களே இதில் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் தொழிலுக்கு நெருங்கியது காப்பீடு. காப்பீட்டு நிறுவனம் காருக்கு எழுதும் மதிப்பு ஷோரூம் விலையில் ஓராண்டு முடிந்ததும் 20 சதவீதம் குறையும். இரண்டு ஆண்டில் 30, மூன்றில் 40, நான்கில் 50 சதவீதம். அந்த மதிப்பில் ஆயுட்கால வரி சேராது. புதிய கார் ஆறாவது மாதத்தில் முழுச் சேதமானால் நீங்கள் கட்டிய 91,000 திரும்பாது, அதற்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய. பழைய காருக்கு வேறொரு இடத்தில் அடி விழும். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குக் காப்பீட்டில் பாதித் தேய்மானம் கழிப்பார்கள். புதிய காரில் அந்தக் கழிவு இல்லாத பாலிசி எடுக்கலாம். வயது ஐந்தைத் தாண்டிவிட்டால் பல நிறுவனங்கள் அதைக் கொடுப்பதில்லை. மாடு குறுக்கே வந்து பம்பர் உடைந்தால் பாதி உங்கள் கையிலிருந்து போகும். மேலே பராமரிப்பை இரட்டிப்பாகப் போட்டதில் இதையும் மனத்தில் வைத்திருந்தேன்.

இனி கானாடுகாத்தான் கார். நம் ஊர்ப் பெரிய வீடுகளின் கொட்டகைகளில் இப்படி எத்தனையோ கார்கள் நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார்கள். கல்யாணத்திற்கும் திருவிழாவுக்கும் வந்து பத்து நாள் ஓட்டுகிறார்கள். மற்ற நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் எப்போதாவது ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்துகிறார். அந்த ஐந்து நிமிடம் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது. இஞ்சின் சூடேறும் முன்பே அணைப்பதால் உள்ளே படியும் ஈரம் உலர்வதில்லை. கிளப்பியதில் பேட்டரி இழந்த மின்சாரமும் திரும்ப ஏறுவதில்லை.

பதினான்காயிரம் கிலோமீட்டர் என்பதை இஞ்சின் தேய்மானத்திற்கு மட்டும் நம்புங்கள். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வயதுதான் தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பதித்திருப்பார்கள். 3819 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்தது. பள்ளம் புதிதுபோல் ஆழமாக இருந்தாலும் ஆறு வயது டயரில் அம்மாவை வைத்துக்கொண்டு மதுரைச் சாலையில் போகாதீர்கள். ஒரே இடத்தில் நின்றதால் தட்டையாகியும் இருக்கும், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவதில் அது தெரியும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை அங்கே யாரும் மாற்றியிருக்கமாட்டார்கள். ஏ.சி.யின் சீல்கள் காய்ந்து வாயு கசிந்திருக்கும். சஸ்பென்ஷன் புஷ்கள் வெடித்திருக்கும். டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அதுவும் ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கென்று வடிவமைத்த கார்கள் 2023 ஏப்ரல் முதல்தான் வரத் தொடங்கின. 2019 காரில் மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் செல்லும் ரப்பர் குழாய்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எலிகளைச் சொல்லாமல் விட முடியாது. நெல்லும் பழைய சாமானும் கிடக்கும் கொட்டகையில் எலி நிச்சயம். பானட்டைத் திறந்து ஒயர்களைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முதன்மை ஒயரிங் தொகுப்பைக் கடித்திருந்தால் அதை மாற்றும் செலவு சில மாடல்களில் அரை லட்சத்தை எட்டும். ஏ.சி. காற்று வரும் வழியில் கூடு கட்டியிருந்தால் வாடையே சொல்லிவிடும்.

இவ்வளவையும் சரிசெய்ய 70,000 ஒதுக்கலாம். கேட்கும் 4 லட்சத்தோடு சேர்ந்தால் 4.70 லட்சம். எட்டு ஆண்டு கழித்துப் பதினான்கு வயதில் 80,000க்கு விற்றாலும், மற்ற செலவுகளைச் சேர்த்தால் ஆண்டுக்கு 1,46,000 வருகிறது. மதுரைக் காருக்கு 1,45,000. இரண்டு வயது மூத்த காருக்கு அதே செலவு, வீணான பேரம். 3.30 லட்சத்திற்குக் கிடைத்தால் ஆண்டுச் செலவு 1,34,500ஆக இறங்கும். அப்போது மூன்றிலும் இதுவே மலிவு. அதோடு, விபத்துக்கு உள்ளாகாத, ஒரே குடும்பத்தில் இருந்த கார் என்ற உறுதி வேறெங்கும் கிடைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் மூழ்கிய கார்கள் துடைத்துச் சந்தைக்கு வந்தன. மதுரைக் காரைப் பார்க்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், டிக்கியில் உதிரிச் சக்கரத்தின் அடியிலும் பாருங்கள். அந்தக் கார் எவ்வளவு ஓடியது என்பதை மீட்டரில் பார்க்காமல் கம்பெனி சர்வீஸ் மையத்தின் பதிவில் கேட்டுச் சரிபாருங்கள். வெளிமாநிலப் பதிவுக் கார் குறைந்த விலையில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இங்கே மறுபடி வரி கட்டித் தடையின்மைச் சான்று வாங்கி முடிப்பதற்குள் அந்த மலிவு போய்விடும்.

பாதுகாப்பில் மட்டும் பழைய காரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பையும் எல்லாக் கார்களிலும் கட்டாயமாயின. முன்னிருக்கையில் உடன் அமர்பவருக்கு அது கட்டாயமானது 2021 முடியும்போதுதான். பெரியப்பச்சி காரில் இரண்டாவது பை இருக்கிறதா என்று பாருங்கள். அம்மா முன்னால்தான் உட்காருவார் என்றால், அது இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் எடுக்கமாட்டேன். இந்தியாவை விட்டுப் போன கம்பெனிகளின் கார்களும் அப்படித்தான், ஷெவர்லே 2017இல் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021இல் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. நல்ல வண்டிகள்தான், விலையும் ஆசை காட்டும். ஒரு பாகத்திற்காக மதுரைக்கும் திருச்சிக்கும் தலா தொண்ணூறு கிலோமீட்டர் அலையும் வசதி உங்களுக்கு இருக்கிறதா என்று யோசியுங்கள்.

உறவில் வாங்குவதால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட மனம் வரும். தள்ளாதீர்கள். விபத்து நேர்ந்தால் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பச்சிக்கு இங்கே நீதிமன்ற அழைப்பாணை வருவது எந்த உறவுக்கும் நல்லதில்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். காலமான ஐயா (தாத்தா) பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றும் படிவம் 31ம் வேண்டும். வீட்டைப்போலவே காரிலும் எத்தனை பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பது அப்போது தெரியும். பெரியப்பச்சி பெயரில் இருந்தால் படிவம் 29, 30 போதும், கடன் இருந்து தீர்ந்திருந்தால் 35. பெயர் மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கோருங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தானாகவே தொடரும், உங்கள் காரின் சேதத்திற்கானது தொடராது. இழப்பீடு கேட்காததற்காக அவர்கள் சேர்த்த நோ கிளைம் போனஸ் என்னும் தள்ளுபடியும் உங்களுக்கு வராது, அது ஆளுக்கு உரியது. காப்பீடு காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தால் புதுப்பிக்கும் முன் ஆய்வு செய்வார்கள். அதை முடிக்காமல் காரைச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள்.

தை மாதக் கல்யாணங்களுக்கு அவர்கள் வருவார்கள் அல்லவா? அதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கானாடுகாத்தானுக்கு அழைத்துப் போய்ப் பழுதுப் பட்டியலை எழுதி வாங்கிவிடுங்கள். பெரியப்பச்சியிடம் விலையைக் குறைத்துப் பேசக் கூச்சமாக இருந்தால் அந்தப் பட்டியலைக் கையில் கொடுங்கள், அதுவே பேசும். "நமக்குள் என்ன, விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வண்டியை எடுத்துப் போ" என்று பெரியம்மா சொன்னால் மட்டும் சாவியை வாங்காதீர்கள். 3.30 லட்சம், அல்லது அதற்கு அருகில் ஒரு தொகையை வாயால் சொல்ல வைத்து, அன்றே படிவங்களில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். 4 லட்சத்தில் அவர்கள் உறுதியாக நின்றால் காபி குடித்துவிட்டு மதுரைக்குக் கிளம்புங்கள்.